புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதா, மறைப்பதா: அறக் கோட்பாடுகளை உரசிப் பார்த்தால்

ஸ்கேன் முடிவும் சதைப் பரிசோதனை முடிவும் வந்த நாளில், நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மூத்த மகனும் மருமகனும் மட்டும் டாக்டரின் அறைக்குள் போவார்கள். "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்." தமிழ்நாட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர் எவரும் இந்த வேண்டுகோளைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மருத்துவ அறவியல் பாடங்களில் ஒவ்வொரு கோட்பாடும் தனித்தனி அத்தியாயமாக அமைதியாக இருக்கும். இந்த அறைக்குள் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் நுழைந்து மோதிக்கொள்கின்றன. கோட்பாடுகளைப் பொதுவில் விளக்குவதைவிட இந்த ஒரே முடிவில் அவற்றை உரசிப் பார்ப்பது பயன் தரும்.

ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 64. அரசுப் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ஊரில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் பட்டா இன்னும் இறந்துபோன அண்ணன் பெயரையும் சேர்த்துக் கூட்டாகத்தான் நிற்கிறது. கடைசி மகளுக்குத் திருமணம் ஆகவில்லை. நிலத்தை விற்றாவது வைத்தியம் பார்ப்பேன் என்கிறான் மகன். அப்பாவிடம் சொல்லப்பட்டிருப்பது 'வயிற்றில் புண்'.

டாக்டருக்கு மூன்று வழிகள் உண்டு. குடும்பம் கேட்டபடி மறைக்கலாம். நோயாளியை உள்ளே அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அல்லது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்கலாம். மூன்றாவது வழி முதல் இரண்டுக்கும் நடுவிலான சமரசம்போலத் தோன்றும். எனக்கு அது சமரசமாகப் படவில்லை. காரணத்தைக் கோட்பாடுகளைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

குடும்பத்தார் பெயர் தெரியாமலே பேசுவது விளைவை வைத்து அறத்தை அளக்கும் கோட்பாட்டை. தத்துவவாதிகள் பெந்தாமும் மில்லும் இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த பயன்வாதம் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு செயல் சரியா தவறா என்பதை அதனால் விளையும் நன்மை தீமைகளின் கூட்டுத்தொகை சொல்லும் என்பது அதன் சாரம். நம்மவருக்கு இதைச் சொல்லப் பெந்தாம் தேவையில்லை. "பொய்மையும் வாய்மை இடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறள் கைவசம் இருக்கிறது. மறைக்க விரும்பும் எந்தப் படித்த மகனும் கடைசியில் இந்தக் குறளில்தான் வந்து நிற்பான். குறள் போடும் நிபந்தனையை மட்டும் அவசரத்தில் தாண்டிவிடுவான். ஏதோ ஒரு நன்மை வந்தால் போதும் என்று வள்ளுவர் சொல்லவில்லை, குற்றமற்ற நன்மை வர வேண்டும் என்கிறார்.

சரி, விளைவுகளையே நேர்மையாகக் கணக்கிடுவோம். குடும்பத்தின் பயம் வெறும் பிரமை இல்லை. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் மக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு, புற்றுநோய் கண்டறியப்பட்ட முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேலாகவும், இதய, ரத்தநாள நோயால் இறக்கும் அபாயம் 5 மடங்குக்கு மேலும் இருப்பதைக் காட்டியது. அந்தச் சாவுகள் மொத்த எண்ணிக்கையில் மிகச் சிலவே. ஆனால் செய்தி தரும் அதிர்ச்சி உடம்பையே தாக்கும் என்பதை மறுக்க முடியாது. உண்மையைச் சொன்னால் எந்தக் கெடுதலும் வராது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்தப் புள்ளிவிவரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கணக்கின் மறுபக்கம் நீளமானது. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரைப் பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இறுதிக்காலம் பற்றி மருத்துவருடன் பேசியவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருக்கவில்லை. கடைசி வாரத்தில் வென்டிலேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று அலைக்கழிக்கப்பட்டதும் அவர்களிடம் குறைவு. நம் நடத்துநரின் நிலையோடு பொருத்திப் பாருங்கள். பரவிய கணையப் புற்றுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் தீவிர கீமோ ஒன்று உண்டு. 2011-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அதைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒற்றை மருந்து பெற்றவர்களுக்கு அந்தக் கணக்கு 6.8 மாதம். ஏறத்தாழ நான்கு மாத வித்தியாசம். அதற்கு விலையாகக் கடும் வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு, கைகால் மரமரப்பு. அந்த நான்கு மாதம் இந்த அவதிக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்துக்கும் ஈடாகுமா? இந்தக் கேள்விக்கு மகனால் பதில் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. தனக்குப் புண் என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவாலும் முடியாது. பட்டாவை மாற்ற வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு வருவதற்கே காரணம் இருக்காது. அவர் போன பிறகு அண்ணன் பிள்ளைகளோடு வரும் வழக்கை மறைத்ததன் விளைவு என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, மறைப்பு மறைப்பாகவே நிற்குமா? மருத்துவமனையின் பெயர்ப்பலகையிலேயே புற்றுநோய் என்று எழுதியிருக்கும். கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட்டுக்கொண்டே "உங்களுக்கு எந்த இடத்தில்?" என்று கேட்பார். உடம்பு இளைப்பது கண்ணாடியில் தெரியும். சான்பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் இறப்பவர்களைச் சுற்றி நடப்பதை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும், இரு தரப்புக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் இருவரும் நடிக்கும் நிலையை 1965-ல் விவரித்தார்கள். நம் வீடுகளில் அது அன்றாடக் காட்சி. அப்பாவுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று அவர் மறைப்பார். பிள்ளைகளோ அவருக்குத் தெரியாது என்று மறைப்பார்கள். இந்த நாடகத்தில் ஆறுதலுக்கு இடமே இல்லாமல் போகிறது. அழ வேண்டியவர்கள் தனித்தனியாகக் குளியலறையில் அழுகிறார்கள். பயன்வாதத்தின் கணக்கு நேர்மையாகப் போடப்பட்டால் அது குடும்பம் நினைப்பதற்கு எதிர்ப்பக்கமே பெரும்பாலும் சாய்கிறது என்பது என் முடிவு. அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்குப் போடுகிறவரின் கையில் பேனாவைக் கொடுத்துவிடுகிறது. பயந்துபோன மகன் போடும் கணக்கில் அவனுடைய பயமும் சத்தமில்லாமல் வரவில் ஏறிவிடும்.

இந்த இடத்தில் 'இதெல்லாம் மேல்நாட்டு வழக்கம், நம் பண்பாட்டில் நோயாளியிடம் சொல்ல மாட்டோம்' என்ற வாதம் வரும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் எழுதிய முதல் ஒழுக்க விதிகள், ஆபத்து வரும்போது நோயாளியின் நண்பர்களுக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், நோயாளியிடம் தவிர்க்க முடியாதபோது மட்டும் சொல்லலாம் என்றும் அறிவுறுத்தின. நம்மூரில் இன்று நடப்பதும் அதேதான். 1961-ல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் மருத்துவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே ஆண்டுகளில் தலைகீழ். அதே சமயம் ஜப்பானில், 1989 ஜனவரியில் இறந்த பேரரசர் ஹிரோஹிட்டோவுக்குத் தம் புற்றுநோய் கடைசிவரை சொல்லப்படவில்லை. மறைப்பது எல்லா ஊரிலும் இருந்த பழக்கம். சிகிச்சை பெருகியதும் நோயாளி உரிமை பற்றிய பேச்சு எழுந்ததும் அது சில ஊர்களில் முதலில் தளர்ந்தது, அவ்வளவுதான். பண்பாடு என்று நாம் காட்டுவது பல நேரம் ஒரு காலகட்டத்தை.

இதற்காகப் பண்பாட்டு வேறுபாடே இல்லை என்று சொல்ல வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 65 வயது தாண்டிய 800 பேரிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளியானது. பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று கறுப்பினத்தவரில் 88 சதவீதமும் வெள்ளையரில் 87 சதவீதமும் கருதினார்கள். மெக்சிகோ வம்சாவளியினரில் 65 சதவீதம். கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம் மட்டுமே. இந்த எண்களை மேற்கும் கிழக்கும் வேறு என்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நான் படிப்பது வேறுவிதமாக. கொரியர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள், வெள்ளையரில் எட்டில் ஒருவர் அப்படிக் கருதவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பாதி என்பதை அவருடைய இனத்தையோ ஊரையோ பார்த்து ஊகிக்கவே முடியாது.

கடமையை முன்வைக்கும் கோட்பாடு பயன்வாதத்துக்கு நேர் எதிரான மூலையில் நிற்கிறது. ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட் 1797-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து நீ ஒளித்துவைத்திருக்கும் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார். கான்டை மதிக்கிறவர்களே சங்கடப்படும் இடம் அது. இருந்தாலும் நம் சிக்கலுக்கு அவரிடமிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. அவர் தடுப்பது பொய்யைத்தான். தெரிந்த எல்லாவற்றையும் உடனே கொட்டிவிட வேண்டும் என்று அவர் கட்டளையிடவில்லை. 'புண்தான், பயப்படாதீர்கள்' என்பது பொய். 'இன்னும் பேச வேண்டியது இருக்கிறது, நாளை உட்கார்ந்து பேசுவோம்' என்பது பொய் இல்லை. இரண்டாவது, எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற அவருடைய விதி. கீமோவுக்கான ஒப்புதல் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும், ஆனால் அது எதற்கு என்று அவருக்குத் தெரியக் கூடாது என்றால், அந்தக் கையெழுத்தை ஒரு முத்திரையாகப் பயன்படுத்துகிறோம். எவ்வளவு அன்போடு செய்தாலும் அது அப்படித்தான்.

1979-ல் அமெரிக்கர்கள் பீச்சம், சில்ட்ரஸ் இருவரும் முன்வைத்த நான்கு நெறிகளைத்தான் இன்று மருத்துவக் கல்லூரிகளில் மனப்பாடம் செய்கிறார்கள்: நோயாளியின் தன்னுரிமை, தீங்கிழைக்காமை, நன்மை செய்தல், நீதி. பெரிய கோட்பாடுகளின் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லாமலே, எல்லாத் தரப்பும் ஏற்கும் நடுத்தர விதிகளைப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்பது அதன் கவர்ச்சி. நான்கில் எதற்கும் நிரந்தர முதலிடம் கிடையாது. மோதும்போது அந்தந்தச் சூழலில் எடைபோட வேண்டும். எப்படி எடைபோடுவது? அங்கேதான் நெறிகள் கைவிடுகின்றன. மறைக்கச் சொல்லும் மகனும் நன்மை செய்தல் என்கிறான், சொல்லத் துடிக்கும் பயிற்சி மருத்துவரும் அதையே சொல்கிறார். 1990-ல் தத்துவவாதிகள் கிளவுசரும் கெர்ட்டும் எழுதிய விமர்சனம் இதைத்தான் குத்திக்காட்டியது: இவை யோசிக்க வேண்டியவற்றின் தலைப்புகள், வழிகாட்டிகள் அல்ல. தலைப்புகளாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு பயன் உண்டு. மறந்துபோனதை நினைவூட்டும். நீதி என்ற நான்காவதை இந்த அறையில் யாரும் எடுப்பதில்லை. நிலத்தை விற்ற பணம் யாருடைய எதிர்காலம்? கடைசி மகளை யாராவது கேட்டார்களா?

குடும்பத்தை நடுவில் வைத்துப் பேசும் கோட்பாட்டையும் எளிதில் தள்ளிவிட மாட்டேன். முடிவெடுக்கும் அலகு தனிமனிதர் அல்ல, குடும்பம் என்று சீன மரபிலிருந்து தத்துவவாதி ரூய்பிங் ஃபான் 1997-ல் வாதிட்டார். நம்மூர் நிலைமைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. மருத்துவமனையில் இரவெல்லாம் தரையில் பாய் விரித்துப் படுப்பது குடும்பம். ரத்தம் தேடி ஓடுவது குடும்பம். பில் கட்டுவது குடும்பம். இவ்வளவையும் சுமப்பவர்களை வெளியாட்களாக நடத்தும் அறம் நம் மண்ணில் வேர்விடாது. என் தயக்கம் ஒன்றே ஒன்று. குடும்பம் என்று சொல்லும்போது யார் பேசுகிறார்கள்? அறைக்குள் வந்த மூத்த மகனும் மருமகனும். நாற்பது ஆண்டு கூட வாழ்ந்த மனைவி வெளியே அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பல வீடுகளில் அவரிடமும் மறைக்கிறார்கள். நோயாளி அப்பாவாக இல்லாமல் அம்மாவாக இருந்தால், சொல்லலாமா என்ற கேள்விகூட எழாமல் கணவரும் மகன்களும் முடிவெடுத்துவிடுவதைப் பார்க்கலாம். குடும்பத்தின் ஒருமித்த குரல் என்பது அநேகமாக வீட்டில் சத்தமாகப் பேசுபவரின் குரல். நிஜமாகவே குடும்பமாக முடிவெடுக்க விரும்பினால், அந்தக் குடும்பத்தில் நோயாளியும் ஓர் உறுப்பினர்.

அரிஸ்டாட்டில் வழியில் வரும் நற்பண்பு அறம் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது, எப்படிப்பட்டவராக இருந்து செய்ய வேண்டும் என்று சொல்லும். தாழ்வாரத்தில் நின்றபடி, ஃபைலைப் பார்த்துக்கொண்டே 'நாலாவது ஸ்டேஜ், ஆறு மாதம்' என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போகிறவர் கான்டின் விதியை மீறவில்லை. நல்ல மருத்துவர் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். முழு உண்மையையும் அப்போதே சொல்லிவிடுவது என்ற இரண்டாவது வழி தோற்பது இந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிமுறைகள், நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்கின்றன. ஆனால் அந்த விவரம் நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்புள்ள நண்பருக்கோ தெரிந்திருக்கச் செய்ய வேண்டும் என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கின்றன. மறைக்கும் மருத்துவர் இதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். சிகிச்சைக்கான ஒப்புதல் என்று வரும்போது அந்த நிழல் கிடைக்காது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றில், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, அவருடைய தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையை அகற்றியது செல்லாது என்று கூறப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒருவருக்காகத் தாயேயானாலும் வேறொருவர் ஒப்புதல் தர முடியாது. 2018-ல் அதே நீதிமன்றம் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை அங்கீகரித்தது, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. தன் நோய் என்னவென்று அறியாதவர் அந்த உயிலில் என்ன எழுதுவார்?

இப்போது மூன்றாவது வழி. கனடாவின் மாண்ட்ரியலில் பணியாற்றிய மருத்துவ அறவியலாளர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் 1993-ல் இதற்கு ஒரு தெளிவான வடிவம் தந்தார். குடும்பம் மறைக்கச் சொல்லும்போது உண்மையைத் திணிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உண்மை இருக்கிறது, வேண்டுமா என்று நோயாளியிடம் கேளுங்கள் என்பது அவர் யோசனை. கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-ல் அமெரிக்க, கனடிய மருத்துவர்கள் வகுத்த ஆறு படி முறையிலும், சொல்வதற்கு முன் கேட்க வேண்டும் என்ற படி இருக்கிறது. நடைமுறையில் இது பெரிய உரையாடல் இல்லை. "ஐயா, உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" இதற்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்து: "சிலர் எல்லா விவரமும் தங்களுக்கே தெரிய வேண்டும் என்பார்கள். சிலர் பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பார்கள். உங்களுக்கு எப்படி?"

"எனக்கு எதுவும் வேண்டாம், பெரியவனிடம் பேசுங்கள்" என்று அவர் சொன்னால், அதற்குப் பிறகான மௌனம் வேறு வகை மௌனம். தெரிந்துகொள்ளும் உரிமை அவருடையது, அதை மகனிடம் ஒப்படைத்தவரும் அவரே. கான்டுக்கும் இதில் புகார் இருக்காது, ஃபானுக்கும் இருக்காது. "மறைக்காமல் சொல்லுங்கள்" என்று சொன்னால், அதற்குப் பிறகு மகனின் வேண்டுகோளுக்கு எடை இல்லை. இதனால்தான் இதைச் சமரசம் என்று ஏற்க மறுக்கிறேன். முதல் இரண்டு வழிகளிலும் அப்பாவைப் பற்றிய முடிவை மற்றவர்கள் எடுக்கிறார்கள். மகன் மறைக்க என்று எடுக்கிறான், மருத்துவர் சொல்ல என்று எடுக்கிறார். மூன்றாவதில் மட்டும் அந்த முடிவு உரியவரிடம் போகிறது.

மகனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது தனி வேலை. 'உங்கள் அப்பாவிடம் நானாக எதையும் திணிக்க மாட்டேன், ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்' என்று முதலிலேயே சொல்லிவிடும் மருத்துவரோடு அநேகக் குடும்பங்கள் ஒத்துப்போகும். பயத்தின் காரணத்தையும் கேட்க வேண்டும். முன்பு உறவில் ஒருவர் செய்தி கேட்டுத் தூக்கு மாட்டிக்கொண்டிருக்கலாம், அப்பாவே முன்பு ஒருமுறை முயன்றிருக்கலாம். அப்படியென்றால் மனநல மருத்துவரை உடன் வைத்துக்கொண்டு, வாரக்கடைசியில் வீட்டுக்கு அனுப்பும் முன் அல்லாமல் வார்டில் ஆட்கள் இருக்கும் நாளில் பேசலாம். ஸ்வீடன் ஆய்வின் முதல் வார எச்சரிக்கை இங்கே கைகொடுக்கும். மறதி நோய் முற்றியவரிடமும், காய்ச்சலில் பிதற்றுபவரிடமும் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே குடும்பம்தான் பேச வேண்டும்.

கவனிக்காமல் விடப்படுவது இன்னொன்று இருக்கிறது. அப்பா அந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்க மாட்டார். இரவு இரண்டு மணிக்கு ட்ரிப்ஸ் மாற்ற வரும் நர்ஸிடமோ, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஊழியரிடமோதான் கேட்பார்: "அம்மா, எனக்குக் கேன்சர்தானே?" பகலில் நடந்த பேச்சு எதுவும் அந்த நர்ஸுக்குத் தெரியாது. ஆகவே அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யாரிடம் பேசச் சொன்னார், எதைக் கேட்டால் என்ன சொல்லலாம் என்பதை அன்றைய தேதியிட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். கீமோ சுழற்சி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவரிடம் மறுபடி கேட்டு, பதில் மாறியிருந்தால் அந்தக் குறிப்பையும் மாற்ற வேண்டும்.